போலீஸ் பேசுறாங்க... காசு கொடுக்கும் முன் கேளுங்க!

"அண்ணே, இங்க ராத்திரி முழுக்க சைரன் சத்தம். என்ன நடக்குதுன்னே தெரியல. ஒரு போலீஸ் ஸ்கேனர் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?"

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்கு எம்.எஸ். படிக்கப் போன நம்ம ஜூனியர் கேட்ட கேள்வி இது. இங்கே இருந்து கேட்டிருந்தால், 'பேசாம படுத்துத் தூங்குப்பா' என்றிருப்பேன். லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே குற்றம் என்று 1933-லேயே சட்டம் போட்ட ஊர் நம்முடையது. அங்கே கதை வேற. போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ் பேசுவதை வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்குப் பெரும்பாலும் தடை இல்லை.

ஆனா பாஸ், முதல்ல கடைக்குப் போகாதீங்க! உங்க கவுன்ட்டி எந்த முறையில் பேசுதுன்னு பாருங்க. 'ரேடியோரெஃபரன்ஸ்' தளத்தில் ஊர் வாரியாகப் பட்டியலே இருக்கு. மூணுல ஒண்ணுதான் கண்ணில் படும்.

ஒண்ணு, பழைய அனலாக். சின்ன ஊர்களில் இன்னமும் உண்டு. யூனிடன் பிசி125ஏடி மாதிரி எளிமையான ஸ்கேனரே போதும்.

ரெண்டு, டிஜிட்டல் டிரங்கிங். பேங்க்கில் டோக்கன் போர்டு பார்த்திருப்பீங்க. யாருக்கும் தனி கவுன்ட்டர் கிடையாது. எது காலியோ அங்கே போகச் சொல்லும். இங்கேயும் அப்படித்தான். ஒரு கன்ட்ரோல் சேனல், 'நீ இந்த அலைவரிசையில் பேசு' என்று நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருக்கும். ஒஹையோவில் மாநிலம் முழுக்க 'மார்க்ஸ்' என்று ஒரு சிஸ்டம் (பரீட்சை மார்க் இல்லீங்க!). அது பி25 என்ற டிஜிட்டல் வகை. இதை அனலாக் ஸ்கேனரில் கேட்டால் இரைச்சல்தான் மிச்சம். பி25-இல் ஃபேஸ் 1, ஃபேஸ் 2 என்று ரெண்டு உண்டு. ரெண்டும் எடுக்குமான்னு பார்த்து வாங்குங்க.

இதில் இன்னொரு வில்லன், சைமல்காஸ்ட். திருவிழாவில் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டினால், ஒரே பாட்டு நாலு பக்கமிருந்தும் முன்னே பின்னே வந்து குழம்புமே... அதேதான். பல டவர்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசும். பழைய டிஜிட்டல் ஸ்கேனர்கள் இங்கே திணறிவிடும். 2018-இல் வந்த யூனிடன் எஸ்டிஎஸ்100 இதற்கென்றே செய்தது. விலை? 600 டாலரைத் தாண்டும்!

மூணு, என்கிரிப்ஷன். பூட்டு போட்ட பேச்சு. ஆயிரம் டாலர் கொட்டினாலும் எந்த ஸ்கேனரும் திறக்காது. டென்வர் போலீஸ் 2019-இல் பூட்டியது. நியூயார்க் போலீஸ் 2023-இல் பூட்ட ஆரம்பித்தது. எது பூட்டியது என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கும். பல ஊர்களில் போலீஸ் பூட்டினாலும் ஃபயர் சர்வீஸ் திறந்தே இருக்கும்.

பர்ஸ் காலியா? டிவி பார்க்கச் செய்த ஆர்டிஎல் சிப் உள்ள யூஎஸ்பி டாங்கிளை 2012-லிருந்து ரேடியோவாக்கி வெச்சிருக்காங்க. 30, 40 டாலர்தான். லேப்டாப்பில் எஸ்டிஆர்டிரங்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பி25-யும் கேட்கும். கொஞ்சம் மண்டையை உடைக்கணும், அவ்வளவுதான்.

காரில் வைக்கும் முன் மாநிலச் சட்டத்தைப் பாருங்க. நியூயார்க்கில் ஹாம் லைசென்ஸ் இல்லாதவர் காரில் போலீஸ் அலைவரிசை வைத்திருந்தால் மாட்டிக்குவார்.

கடைசியா ஒரு விஷயம். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு. சில நாள் கழித்து ஓர் இரவு, 'போலீஸ் ஸ்கேனரில் பேர் சொல்லிட்டாங்க' என்று இணையத்தில் ஒரு மாணவரின் பெயர் பரவியது. இந்திய வம்சாவளிப் பையன். ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்தவர். வீட்டாரே தவித்துத் தேடிக்கொண்டிருந்த நேரம். அவருக்கும் குண்டுக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. போலீஸ் ரேடியோ பதிவை அப்புறம் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் அதில் கிடைக்கவே இல்லை. சில நாளில் ஆற்றிலிருந்து அவர் உடலை எடுத்தார்கள்.

ரேடியோவில் வருவது பாதித் தகவல். அவசரத்தில் பேசுவது. அதில் வரும் முகவரி யாரோ ஒருத்தர் வீடு. அதனால கேளுங்க. ஃபார்வர்ட் மட்டும் பண்ணாதீங்க.

நம்ம ஜூனியர்? பட்டியலைப் பார்த்தார். போலீஸ் பூட்டு, ஃபயர் திறப்பு. டாங்கிள்தான் வாங்கியிருக்கார். சைரன் கேட்டால் இப்போ பயப்படுறதில்லையாம்... பாதி நாள் யாரோ பாப்கார்னைக் கருக்கிய கதைதானாம்!