ஆறு பேர் தள்ளும் படகு

எங்கள் கரையில் படகைத் தண்ணீருக்குத் தள்ளுகிறவனிடம் கேட்க ஒரே கேள்விதான் உண்டு: "மீனுக்கா?" நானும் ஏழு வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: "இல்ல, சும்மா." சாய்ந்தமருதுக் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் மூத்தவர் ஒருவர் இந்தச் 'சும்மா'வை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. "கடலுக்குச் சும்மா போறவனும் இரிக்கானா மனே? வாப்பா உழைச்சு வச்ச காசு கூடிப் போச்சா?" என்பார். கேட்டுக்கொண்டே எழுந்து வந்து படகின் ஓரத்தில் கையும் வைப்பார்.

சனிக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டுப் பாயை ஏற்றினால் அசருக்கு முன் கரை. எஞ்சின் இல்லை, வலை இல்லை, தூண்டில்கூட இல்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனபோது மட்டும் என் பாய்க்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. இரண்டொருவர் வந்து அதன் அகலத்தைச் சாண் போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் அவர்களும் எஞ்சினுக்கே திரும்பிவிட்டார்கள். மீனுக்குப் போகிறவனுக்கு நேரம் முக்கியம், அவர்களைக் குறை சொல்ல ஏலாது.

என்னிடம் இருப்பது 14 அடி ஃபைபர் வள்ளம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வந்து குவிந்த படகுகளில் ஒன்று. அந்தக் காலத்தில் கொடுக்கிறவர்களுக்கு அவசரம், வாங்குகிறவர்களுக்கு வேறு வழியில்லை. வந்தவற்றில் நல்லவையும் இருந்தன, கடலைக் காணத் தகாதவையும் இருந்தன. என்னுடையதை நான் கண்டெடுத்தபோது முருங்கை மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது, உள்ளே கோழி அடைத்திருந்தார்கள். எஞ்சின் பூட்டும் பின்பலகை உள்ளுக்குள் உக்கிப்போயிருந்தது. எனக்கு எஞ்சினே தேவையில்லை என்பதால் அது ஒரு குறையாகப் படவில்லை. பாய்மரத்துக்கு ஒரு குழி, நடுவில் ஏற்றி இறக்கும் ஒரு பலகை, ஒரு சுக்கான். இவ்வளவுதான் நான் செய்தது.

தனியாகப் போகிறவரை அந்த வள்ளம் சொர்க்கம். போன ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை மனைவியையும் மகனையும் ஆறு வயதுப் பேரனையும் ஏற்றிக்கொண்டு போனேன். பிட்டு, சட்டியோடு சூரை மீன் ஆணம், ஒரு பிளாஸ்க் தேநீர். கச்சான் காலத்துக் காலைக் கடல் எப்படி இருக்கும் என்று இந்தக் கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடக்கும். பாயை விரித்தால் படகு தானே ஓடும். அந்தச் சுகத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது, ஏனென்றால் வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அதே காற்று முகத்தில் அடிக்கும். பகலில் கடற்காற்று எழுந்தால் அது நம்மைத் தள்ளிக்கொண்டு வந்து கரையில் விட்டுவிடும். சில நாட்களில் கச்சான் அதை எழவே விடாது. அன்று விடவில்லை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்ற நாட்களாக இருந்திருந்தால் மினாராவில் பறக்கும் கொடியைப் பார்த்தாவது பத்து மணிக்கே திரும்பியிருப்பேன்.

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்ப்படகும் வராது. ஒரு தரம் வடக்கே ஓடி, மறுதரம் தெற்கே ஓடி, கோணல்மாணலாகத்தான் கரையை நெருங்க வேண்டும். ஒவ்வொரு தரம் திரும்பும்போதும் பாயின் அடிமூங்கில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசிப் போகும், நாலு பேரும் தலையைக் குனிய வேண்டும். மூன்றாவது திருப்பத்தில் மனைவி குனியப் பிந்திவிட்டார். நாலாவதில் ஓரத்தால் ஏறிய தண்ணீர் நேரே ஆணச் சட்டிக்குள் போனது. பேரன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். நீரோட்டமும் தெற்கே இழுக்க, சாய்ந்தமருதில் இறங்க வேண்டியவர்கள் மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் நிந்தவூரில் கரை தட்டினோம். மனைவியும் பேரனும் ஓட்டோவில் வீட்டுக்குப் போனார்கள். வள்ளம் மறுநாள் லேண்ட்மாஸ்டரில் வந்தது.

நெற்றியில் தைலம் தடவிக்கொண்டே மனைவி சொன்னார்: "இஞ்ச பாருங்க, கடல் நல்லம். வள்ளம்தான் சரியில்ல. சாய்ஞ்சிருக்க ஒரு பலகை, சாமான் நனையாத ஒரு இடம், தலையில அடிக்காத பாய். இந்த மூணும் இருந்தா வாறன்." படகு தெரிவு செய்வது பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து 'கொஞ்சம் பெரிய' படகு தேடுகிறேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு?

வேகத்துக்காக யாரும் நீளத்தைக் கூட்ட வேண்டாம். தண்ணீரைப் பிளந்து போகும் படகு தான் எழுப்பும் அலையிலேயே மாட்டிக்கொள்கிறது, அதன் நீளம்தான் அந்த எல்லையைப் போடுகிறது. நீர்மட்டத்தில் 14 அடி என்றால் மணிக்கு 5 கடல்மைல், 18 அடி என்றால் 5.7. நாலு அடி கூட்டியும் முக்கால் மைல் கிடைக்காது. கிடைப்பது வேறு. அதே வடிவத்தை எல்லாப் பக்கமும் அதே அளவில் பெருப்பித்தால் காற்றுக்குச் சரியாமல் நிற்கும் வலு ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காகிறது. ஆணச் சட்டியைக் காப்பாற்றுவது அந்த வலுதான். ஆனால் பாரமும் கூடவே இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. எங்கள் ஊர்க் கரையில் எல்லாக் கணக்கும் அந்த இடத்தில்தான் இடிக்கிறது.

மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை கோடு கிழித்தது போன்ற கரை. ஒதுங்க ஒரு குடா இல்லை. கடல் ஏறி இறங்குவதும் ஒரு மீற்றருக்குள்தான், வற்றுப் பெருக்கை நம்பிப் படகைக் கட்டிவைக்க முடியாது. காலையில் மணலுக்கு மேலால் தோள் கொடுத்து இறக்க வேண்டும், பின்னேரம் அதே தோளால் ஏற்ற வேண்டும். கொழும்பிலுள்ள மச்சான் ஜிபி14 வாங்கச் சொன்னார். ஜாக் ஹோல்ட் 1949இல் வரைந்த 14 அடிப் படகு, வெறும் உடல் 133 கிலோ, இலங்கையில் அதை ஓட்டுகிற நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். வேஃபாரர் இன்னும் நல்லது. 16 அடிக்குக் கொஞ்சம் குறைவு, 170 கிலோ அளவு. 1963இல் ஃபிராங்க் டை என்ற ஆங்கிலேயர் மூடியில்லாத அந்தப் படகிலேயே ஸ்கொட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குப் போனார். ஆனால் அவையெல்லாம் சீமெந்துச் சரிவில் சில்லு வைத்து இறக்கும் படகுகள். நம் மணலில் அந்தச் சில்லு அச்சுவரை புதையும்.

சரி, தோள்தான் வழி. தோளுக்கு என்ன கூலி? மீன் படகு கரைக்கு வரும்போது கைகொடுத்தவனின் பையில் கேட்காமலே நாலு சூரை விழும், அல்லது ஒரு கை கீரி. அது பிச்சையும் இல்லை, சம்பளமும் இல்லை, கரையின் முறை. நான் திரும்பி வருவதோ வெறும் படகோடு. என்னிடம் கொடுக்க இருப்பது பிளாஸ்க்கில் மிஞ்சிய தேநீர் மட்டும். 14 அடிக்கு மூன்று பேர் போதும், 18 அடிக்கு ஆறு பேர், 22 அடி என்றால் பன்னிரண்டு பேரும் ஓர் உழவு இயந்திரமும். மூன்று பேரிடம் வாரா வாரம் கடன்படலாம். ஆறு பேரிடம் கடன்படக் கொஞ்சம் முகம் வேண்டும். பன்னிரண்டு பேரைக் கூட்டினால் மாநகர சபைத் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்று நினைத்துவிடுவார்கள்.

அடியில் ஈயப் பாரம் வைத்த, சின்ன அறையும் உள்ள 22 அடிப் படகு ஒன்றுக்கு ஒரு மாதம் ஆசைப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதை மணலில் ஏற்ற முடியாது, துறைமுகம் வேண்டும். மர்ஹூம் அஷ்ரஃப் துறைமுக அமைச்சராக இருந்தபோது கண்ட கனவு, 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகம், எங்களுக்குத் தெற்கே பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் வாயை மணல் மூடுவதும், தோண்டுவதும், திரும்ப மூடுவதுமாகக் காலம் போகிறது. வடக்கே கரையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. அரைநாள் உல்லாசத்துக்காக அங்கே ஒரு படகைக் கட்டிவைத்துவிட்டு, வாய் திறந்திருக்கிறதா என்று தினமும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

படகு பெருத்தால் ஆளும் பெருக வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை ஸ்வாப் என்ற படகில் உலகைச் சுற்றினார். அதன் நீளம் 32 அடி சொச்சம், அவரோடு துணைக்கு ஒருவர் இருந்தால் போதும். அதே மனுஷர் பின்பு வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியைக் கண்டு மயங்கி வாங்கினார். அது 89 அடி. அதைக் கொண்டுபோக வல்வை மாலுமிகளே கூடப் போக வேண்டியிருந்தது. சுயஸ் வழியாகவும் அத்திலாந்திக் கடந்தும் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டரில் அதைக் கொண்டு சேர்த்தார்கள். வல்வைக்காரர்கள் அதைச் சொல்லிப் பெருமைப்படுவது நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு ரொபின்சன் தனக்கென்று கட்டிக்கொண்ட வருவா 70 அடிதான், அவரும் கீழே இறங்கி வந்திருக்கிறார்.

கடைசியில் என் மனம் நின்றது ட்ராஸ்கோம் லக்கர் என்ற ஆங்கிலப் படகின் மாதிரியில். 1960களில் ஜோன் வாட்கின்சன் வரைந்தது. 18 அடி 9 அங்குலம், மூடியில்லாதது, அடியில் ஈயம் இல்லை. நடுப்பலகையைத் தூக்கிவிட்டால் முழங்கால் தண்ணீரில் மிதக்கும். பெரிய பாய்க்கு அடிக்கட்டையே கிடையாது, ஆகவே யார் தலையிலும் எதுவும் அடிக்காது. பின்னால் ஒரு சின்னப் பாய் உண்டு. பெரிய பாயை இறக்கிவிட்டு அதை மட்டும் இறுக்கிக் கட்டினால் படகு காற்றுக்கு முகம் கொடுத்து அமைதியாக நிற்கும். அப்போது பிட்டுச் சாப்பிடலாம், விரும்பினால் தொழலாம். வீட்டுக்காரி கேட்ட மூன்றில் ஒன்றை வரைந்தவரே செய்து வைத்திருக்கிறார், மற்ற இரண்டும் ஓடாவி வேலை.

ஆனால் அசல் படகு 340 கிலோ. இறக்குமதி செய்கிற வசதியும் எனக்கு இல்லை. ஆகவே மீன் படகு வார்க்கிற நம்மூர் பாஸ் ஒருவரிடமே போனேன். அவரிடம் 18 அடி அச்சு இருக்கிறது, ஓரத்தை உயர்த்தாமல், குறுக்குப் பலகைகளை மாற்றி வார்த்துத் தருவதாகச் சொன்னார். "மேட் ஒன்டு கூடப் போடுவம் சேர், கல்லு மாதிரி இருக்கும்" என்றார். "கல்லு மாதிரி இருந்தா யாரு தள்ளுற?" என்று கேட்டேன். அவர் வார்க்கும் படகுகள் எஞ்சினையும் ஐஸையும் வலையையும் சுமக்கின்றன, அதற்கு அந்தத் தடிப்பு வேண்டும். என்னுடையது சுமப்பது நாலு மனுஷரையும் ஒரு சட்டியையும். அரை நாள் பேசி முடிவுக்கு வந்தோம்: பக்கங்கள் மெல்லிசு, மணலில் உரசும் அடிப்பாகம் மட்டும் தடிப்பு, ஏராவுக்குக் கீழே ஒரு உலோகப் பட்டை, இருக்கைகளுக்குக் கீழே நுரை அடைத்த மூடிய பெட்டிகள். படகு முழுக்கத் தண்ணீர் நிறைந்தாலும் அந்தப் பெட்டிகள் அதை மிதக்க வைக்கும். இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சுனாமிப் படகுகள் சிலவற்றின் உள்ளே என்ன இருந்தது என்று கண்டவன் நான்.

பாயை மருதமுனைத் தறியில் நெய்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சின்ன வயதில் இரண்டு சவளுக்கு நடுவே சாறனைக் கட்டிக் கிட்டங்கி ஆற்றில் ஓடியவர்கள் நாங்கள். ஆனால் பருத்தி நனைந்தால் இழுபடும், மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பொலியெஸ்டர் துணிதான். அதில் பாயைச் சுருக்கிக் கட்ட இரண்டு வரிசைக் கயிறும் வேண்டும். காற்று மணிக்கு 10 கடல்மைலிலிருந்து 14 ஆனால் பாயில் விழும் அமுக்கம் இரண்டு மடங்கு. ஓகஸ்டில் என்னிடம் ஒரு வரிசைகூட இருக்கவில்லை. அன்று நடந்ததில் பாதிப் பழி வள்ளத்துடையது, மீதிப் பாதி என்னுடையது.

பழைய வள்ளத்தை விற்கவில்லை, பேரன் ஆற்றில் பழகட்டும். புதியது அச்சிலிருந்து வந்துவிட்டது. வெறும் உடலை அரிசி ஆலைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம்: 210 கிலோ. மரமும் பாயும் பலகைகளும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும், ஆறு பேருக்கு அது சரி. வாடை ஓய்ந்து கரையில் திரை அடங்கியதும், மார்ச் முதல் சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு இறக்குகிறோம். இதைப் படிக்கிற சாய்ந்தமருது, மாளிகைக்காட்டு நண்பர்களில் தோள் உள்ளவர்கள் வரவும். மீன் கிடையாது. தேநீரும் பிட்டும் உண்டு.