நாலு மோட்டாரும் ஒரே நாளில் சாகுமா?

மக்களே, எங்க அப்பாவோட பழைய காரில் நாலு பவர் விண்டோவும் ஒரே நேரத்தில் நின்னுபோச்சு. பாலக்கரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கதவைக்கூடத் திறக்காமல், "மோட்டார் போச்சு தம்பி, மாத்தணும்" என்றார்கள். நாலுமா?! வீட்டில் வந்து பார்த்தால் ஃபியூஸ் உருகியிருந்தது. அதே ஆம்பியரில் புதுசு போட்டேன்; கண்ணாடி ஏறியது.

"நமக்கெதுக்கு வம்பு" என்கிற ஆளா நீங்க? உதிரிபாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாததற்காக 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ரிப்பேரில் இருக்கும் காசு அப்படி!

ஃபியூஸ் மறுபடி உருகினாலோ, மோட்டார் ஓடியும் கண்ணாடி அசையாவிட்டாலோ மெக்கானிக்கிடம் போங்க, தப்பேயில்லை. ஆனா பார்த்துட்டுப் போங்க. கணக்குப் பார்க்காமல் பில் கட்டுறதுக்கா பி.காம் படிக்கிறோம்?