கிட்டுமணியின் மனைவி



ஓணம், தீபாவளி இரண்டையும் சொந்தப் பண்டிகையாகக் கொண்டாடுகிற ஊர், கேரள–தமிழ்நாடு எல்லையில் இருக்கும் எங்கள் மீனாட்சிபுரம். ஓணம் நெருங்க நெருங்க இங்கே இரண்டு காரியங்கள் மும்முரமாகும். பொள்ளாச்சி வழியாக வரும் பால் வண்டிகளைச் செக்போஸ்டில் நிறுத்தி, மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். வீடுகளிலோ, சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து எந்தப் படம் பார்ப்பது என்ற பேச்சு தொடங்கும். பாட்டி முதல் பேத்தி வரை ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்; நடுவில் யாரும் சங்கடப்பட்டு எழுந்து போகக் கூடாது. சுற்றிச் சுற்றிப் பழைய சிரிப்புப் படங்களில்தான் வந்து நிற்போம். அப்போது வீட்டுப் பொடிசு ஒன்று ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்கே, அதைப் பார்க்கலாமே" என்று சொல்லும். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். "முதல் படம் மாதிரி வராது" என்பது பார்க்காமலேயே சொல்லப்படும் தீர்ப்பு.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடையிலிருந்து மூணாறு, பீர்மேடு வரை எந்த வாசகர் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கும் என்பதால் இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

எனக்கு இதில் முதலில் நினைவுக்கு வருவது 'மணல் கயிறு'. விசு 1982இல் எடுத்த படம். 'மோடி மஸ்தான்' என்ற அவருடைய மேடை நாடகத்திலிருந்து பிறந்தது. கிட்டுமணி என்ற மாப்பிள்ளையாக எஸ்.வி.சேகர். பெண் இப்படி இருக்க வேண்டும், அப்படி இருக்க வேண்டும் என்று எட்டு நிபந்தனை போடுகிறார். நாரதர் நாயுடுவாக வரும் விசு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எட்டில் எதுவுமே பொருந்தாத ஒரு பெண்ணைக் கட்டிவைத்துவிடுகிறார். கல்யாணத்துக்குப் பிறகு பொய்கள் ஒவ்வொன்றாக அவிழ்வதுதான் கதை. அந்தப் பெண்ணாக நடித்தவர் சாந்தி கிருஷ்ணா. மும்பையில் வளர்ந்தாலும் பூர்வீகத்தில் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அதனாலேயே நம் பக்கத்துப் பெரியவர்கள் அவரை "நம்ம பாலக்காட்டுப் பொண்ணு" என்று உரிமையோடு சொல்வார்கள். 'பாட்ஷா' இயக்கிய சுரேஷ் கிருஷ்ணா இவருடைய அண்ணன்.

முப்பத்து நான்கு வருடம் கழித்து, 2016 டிசம்பரில் 'மணல் கயிறு 2' வந்தது. மதன்குமார் இயக்கம். கிட்டுமணிக்கு இப்போது கல்யாண வயதில் ஒரு மகள். அப்பா அன்று போட்டது போலவே மகளும் எட்டு நிபந்தனை போடுகிறாள். மகளாகப் பூர்ணா, மாப்பிள்ளையாக எஸ்.வி.சேகரின் சொந்த மகன் அஸ்வின் சேகர். எழுபதைத் தாண்டிய விசு அதே நாரதர் நாயுடுவாக. இவ்வளவையும் கேட்டதும் மனம் துள்ளத்தான் செய்தது. அப்பா போட்ட பட்டியல் மகள் வாயிலிருந்து அப்பாவிடமே திரும்பி வருகிறது என்பதைவிட நல்ல இரண்டாம் பாக யோசனை கிடைக்குமா? இன்றும் சொல்கிறேன், யோசனை அருமை.

ஆனால் படம் முதல் படத்தின் உயரத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

முதல் படத்தில் நாம் எதைப் பார்த்துச் சிரித்தோம்? பெண் வீட்டார் வாசலில் நின்று கைகட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு பட்டியலைப் பார்த்துச் சிரித்தோம். 1982இல் அது வெறும் கற்பனை இல்லை. சீர், நகை, படிப்பு, நிறம், சமையல் என்று மாப்பிள்ளை வீட்டார் அடுக்கிக்கொண்டே போக, பெண்ணைப் பெற்றவர் ஒவ்வொன்றுக்கும் "ஆகட்டுங்க" என்று சொன்ன காலம். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் குடும்பங்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் யார்? அப்படி அதிகாரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவனை ஒரு தரகர் வார்த்தையாலேயே கவிழ்க்கிறார் என்றதும் வீடே குலுங்கியது. பெண்களைப் பெற்ற தகப்பன்மார் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள்.

ஒரு பெண் பட்டியல் போட்டால் கதை வேறு. அந்தப் பட்டியலின் பின்னால் பெரும்பாலும் ஆணவம் இருக்காது, எச்சரிக்கை இருக்கும். அம்மா பட்டது, அக்கா பட்டது, பக்கத்து வீட்டுச் சித்தி பட்டது எல்லாம் சேர்ந்துதான் அவளை எட்டு கேட்க வைக்கின்றன. அதையும் அதே தராசில் வைத்து, அதே முறையில் கவிழ்த்துச் சிரிக்கச் சொன்னால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. அப்பாவின் பட்டியலும் மகளின் பட்டியலும் எண்ணிக்கையில் ஒன்று, எடையில் வேறு. இரண்டாம் பாகம் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் முதல் படத்தைத் தாண்டியே போயிருக்கும் என்பது என் நம்பிக்கை.

முதல் படம் குறையே இல்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. எட்டுப் பொய்யையும் சொன்னவர் நாயுடு. ஆனால் அவிழும்போதெல்லாம் கணவன் முன்னால் தலை குனிந்து நின்றவள் அந்தப் பெண். இன்று அந்தப் படத்தை மகள்களோடு உட்கார்ந்து பார்க்கும் அம்மாக்கள் சில இடங்களில் சிரிக்காமல் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். அவளுக்கு அந்த வீட்டில் என்ன ஆயிற்று, எப்படி வயதானாள், மகளிடம் அந்தப் பழைய கதையை எப்படிச் சொன்னாள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. 'மணல் கயிறு 2'இல் சாந்தி கிருஷ்ணா இல்லை. கிட்டுமணியின் மனைவியாக வந்தவர் 'தென்றலே என்னைத் தொடு' ஜெயஸ்ரீ. அவரும் நமக்குப் பிரியமானவர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த எட்டுப் பொய்யையும் சுமந்த முகம் திரும்பி வரவில்லை.

நல்ல இரண்டாம் பாகம் எப்படி அமையும் என்பதற்கு மலையாளத்தில் ஒரு உதாரணம் உண்டு. சித்திக்–லால் இரட்டையர் 1990இல் எடுத்த 'இன் ஹரிஹர் நகர்' நம்மில் பலருக்கு மனப்பாடம். முகேஷ், நடிகர் சித்திக், ஜெகதீஷ், அசோகன் நால்வரும் வேலை வெட்டி இல்லாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பார்வைக்காக அலைகிற கதை. தமிழில் இதை 'எம்.ஜி.ஆர். நகரில்' என்று எடுத்தார்கள். பத்தொன்பது வருடம் கழித்து, 2009இல், லால் தனியாக இயக்கிய 'டூ ஹரிஹர் நகர்' வந்தது. நால்வருக்கும் நடு வயது, தொந்தி, குடும்பம், பொறுப்பு. நால்வரில் ஒருவனான தாமஸ்குட்டியின் கல்யாணத்தைச் சாக்காக வைத்துப் பழைய நகருக்கே திரும்பி வந்து, மறுபடி இளைஞர்களாக நடக்கப் பார்க்கிறார்கள். முடியவில்லை. அந்த முடியாமைதான் படத்தின் சிரிப்பே. பார்க்க வந்தவர்களுக்கும் அதே பத்தொன்பது வயது கூடியிருந்தது. திரையில் ஜெகதீஷின் அப்புக்குட்டன் மூச்சு வாங்கினால் நாற்காலியில் இருந்தவருக்கும் புரிந்தது. படம் பெரிய வெற்றி பெற்றது. மறு வருடமே மூன்றாம் பாகத்தை ஊட்டி பங்களாவுக்குக் கொண்டுபோய்ப் பேய்க் கதையாக்கினார்கள். அதுவும் ஓடியது. ஆனால் எனக்கு இரண்டாவதே நெருக்கம்.

அதற்கும் முன்னால் தாசனும் விஜயனும் இருக்கிறார்கள். 1987இல் சத்யன் அந்திக்காடு இயக்கிய 'நாடோடிக்காற்று'. மோகன்லாலும் ஸ்ரீனிவாசனும் வேலை போய், கடன் வாங்கி மாடு வாங்கி, அதுவும் கைகொடுக்காமல், துபாய் போகிறோம் என்று நம்பிக் கள்ளத்தோணி ஏறுகிறார்கள். அரபி உடை மாட்டிக்கொண்டு கரையேறினால் அது சென்னைக் கடற்கரை. எதிரே தமிழ் எழுத்து. அந்தக் காட்சியை மீனாட்சிபுரத்தில் பார்ப்பது தனிச் சுகம். திருச்சூரிலோ கொச்சியிலோ பார்ப்பவர், அந்த எழுத்தைக் கண்டு விழிக்கும் தாசனோடு சேர்ந்து விழிப்பார். நாம் அந்த போர்டைப் படித்துவிட்டு, அவர்களுக்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவோம். மாட்டுக் காட்சியும் அப்படியே. கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் வீடுகள் நிறைந்த பக்கம் இது. சொன்ன அளவு கறக்காத மாட்டைக் கட்டிக்கொண்டு அழும் அந்த இருவரின் கவலையை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. மறு வருடம் 'பட்டணப் பிரவேசம்' வந்தது, 1990இல் பிரியதர்ஷன் இயக்கத்தில் 'அக்கரே அக்கரே அக்கரே' வந்தது. இருவரும் சி.ஐ.டி. ஆனார்கள், அமெரிக்கா போனார்கள். சிரித்தோம். இருந்தாலும் பசியோடு அலைந்த தாசனும் விஜயனும்தான் நெஞ்சில் நிற்கிறார்கள். வேலை கிடைத்ததும் அவர்களிடமிருந்த ஏதோ ஒன்று குறைந்துவிட்டது. 'நாடோடிக்காற்று' தமிழில் 'கதாநாயகன்' ஆனபோது பாண்டியராஜனோடு நடித்தவர் நம் கிட்டுமணி எஸ்.வி.சேகர்தான் என்பது இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்தி.

இந்த ஒப்பீட்டில் இரண்டாம் பாகங்களுக்கு நாம் இழைக்கிற ஓர் அநியாயமும் உண்டு. சன் டி.வி., ஏஷியாநெட் இரண்டுமே 1993இல் தொடங்கியவை. கேபிள் வந்த பிறகு எல்லையோர வீடுகளுக்கு இரு பக்கத்துப் படமும் கூடத்துக்கே வந்தது. பழைய படங்களை நாம் தியேட்டரில் பார்த்தது ஒரு தடவை என்றால், வீட்டில் பார்த்தது கணக்கில்லாத தடவை. விசு வாய் திறப்பதற்கு முன்பே பாட்டி அந்த வசனத்தைச் சொல்லி முடிப்பார். முதல் தடவை பார்த்தபோது சாதாரணமாகத் தோன்றிய காட்சிகூட, அதைப் பார்த்துச் சிரித்த தாத்தாவின் குரலோடு சேர்ந்து பெரிதாகிவிட்டது. புதுப் படமோ ஒரே ஒரு தடவை, அதுவும் பாதி கவனத்தோடு பார்க்கப்பட்டு, இருபது வருடப் பாசத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. அதனால் நம் வீட்டுப் பொடிசு இரண்டாம் பாகம் கேட்டால் முகம் சுளிக்காமல் போடுங்கள் என்பதே என் வேண்டுகோள். அவர்களுக்கு அதுதான் முதல் படம்.

விசு 2020 மார்ச் 22 அன்று காலமானார். நாடு முழுவதும் மக்கள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டிருந்த நாள் அது. கூட்டுக் குடும்பத்தையும் கூட்டத்தையும் வைத்தே கதை சொன்னவர், 'சம்சாரம் அது மின்சாரம்' எடுத்து நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதைத் தமிழுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தவர், யாரும் வெளியே வர முடியாத நாளில் போனார். அடுத்தடுத்த நாட்களில் நம் எல்லைச் சாலைகளும் அடைக்கப்பட்டன. அந்த மாதங்களில் எத்தனையோ வீடுகளில் அவர் படங்கள்தான் பொழுதைப் போக்கின.

இனி, நான் காத்திருந்த இரண்டாம் பாகம் எங்கே கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். 'மணல் கயிறு 2' வந்த ஒன்பது மாதத்தில், 2017 ஓணத்துக்கு, 'ஞண்டுகளுடெ நாட்டில் ஓரிடவேள' என்ற மலையாளப் படம் வந்தது. அல்தாஃப் சலீம் இயக்கியது, நிவின் பாலி கதாநாயகன். படத்தின் உயிர் அம்மா பாத்திரம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரைக்கு வந்த சாந்தி கிருஷ்ணாதான் அந்த அம்மா. தனக்குப் புற்றுநோய் என்று தெரியவந்ததும், அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அவர் தவிப்பதும், நோயின் பெயரைக் கேட்டாலே நடுங்குகிற கணவரை அவரே தேற்ற வேண்டியிருப்பதும் கதை. இவ்வளவு பாரமான விஷயத்தை வைத்துக்கொண்டு நம்மைச் சிரிக்க வைக்கிறார்கள், அதுவும் யாரையும் புண்படுத்தாமல். அந்தக் கணவராக நடித்தவர் 'டூ ஹரிஹர் நகர்' எடுத்த அதே லால்.

இரண்டு கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, மொழிகூட வேறு. இருந்தும், 1982இல் எட்டுப் பொய்யின் நடுவே நிறுத்தப்பட்ட அந்தப் பெண், முப்பத்தைந்து வருடம் கழித்து ஒரு வீட்டையே தாங்கிப் பிடிக்கிறவளாக, உண்மையைத் தானே சொல்கிறவளாக வந்து நின்றதாகவே எனக்குப் பட்டது. எல்லையில் குடியிருந்து இரண்டு மொழிப் படமும் பார்க்கிறவர்களுக்குத்தான் இந்தத் தொடர்ச்சி கண்ணில் படும். இந்தப் பண்டிகைக்கு முதலில் 'மணல் கயிறு' பாருங்கள், அடுத்த நாள் இந்த மலையாளப் படத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் வீட்டுப் பாட்டி என்ன சொன்னார் என்று எழுதி அனுப்புங்கள். தேர்ந்தெடுத்த கடிதங்களை அடுத்த இதழில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்