தண்ணிக் கணக்கு எல்லாருக்கும் ஒரே பாஷையில் வேணும்

எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அரசாங்கக் கண்காணிப்புக் கிணறு ஒன்று இருக்கிறது. குழாய்க் கிணறுதான். மாசத்துக்கு ஒரு தரம் யாராவது வந்து நாடாவை உள்ளே விட்டு அளந்து எழுதிக்கொண்டு போவார்கள். என்ன எழுதினார்கள் என்று நாங்களும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பதினைந்து வருசக் கணக்கை வாங்கினேன். கட்டாக நகல் தாள்கள் வந்தன. முதல் சில வருசம் அடியில் இருந்தது, அப்புறம் மீட்டரில். அதாவது பரவாயில்லை, பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நடுவில் ஒரு வருசம் தண்ணி மட்டம் திடீரென்று மூணு அடி மேலே ஏறியிருந்தது. அந்த வருசம் எங்க ஊரில் மாட்டுக்கு வைக்கத் தண்ணி இல்லை!

நேரில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த தம்பி நல்ல பையன். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, முன்னாடி இருந்தவங்க குழாய் வாயிலேர்ந்து அளந்திருக்காங்க. அப்புறம் வந்தவங்க தரையிலேர்ந்து அளந்திருக்காங்க. குழாய் தரைக்கு மேல மூணு அடி நிக்குதுல்ல, அதான்."

அவ்வளவுதான் விஷயம். ஆனால் எங்கிருந்து அளந்தது என்று தாளில் ஒரு வரிகூட இல்லை. இப்படிப்பட்ட மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வச்சுத்தான் நிலத்தடியில் எவ்வளவு தண்ணி ஊறியது என்று கணக்குப் போடுகிறார்கள். அதை வச்சுத்தான் ஒரு குறுவட்டம் பாதுகாப்பானதா, அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டதா என்று முத்திரை குத்துகிறார்கள். இல்லாத மூணு அடி ஊறலைப் பார்த்து யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து, 'இந்த ஊரில் தண்ணி இருக்கு' என்று முடிவு செய்திருக்கலாம்.

கிணற்றை விடுங்கள், காவிரிக்கு வாங்க. காலையில் பேப்பரைப் பிரித்ததும் நாம் பார்ப்பது அணை மட்டம். கிருஷ்ணராஜசாகர் முழு மட்டம் 124.80 அடி. கபினி 2,284 அடி. ஹேமாவதி 2,922 அடி. ஹாரங்கி 2,859 அடி. கபினி என்ன இமயமலையா? ஒன்றுமில்லை, கிருஷ்ணராஜசாகரை அணையின் அடியிலிருந்து அளந்து சொல்கிறார்கள், மற்ற மூன்றையும் கடல் மட்டத்திலிருந்து சொல்கிறார்கள். ஒரே ஆற்றுப் படுகை, ஒரே மாநிலம், நாலு அணை, இரண்டு விதமான அளவு. நம்ம மேட்டூர் 120 அடி, 93.47 டிஎம்சி. இதிலும் ஒரு கண்கட்டு உண்டு. மட்டம் 60 அடி என்றால் பாதி அணை இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அணை கீழே குறுகி மேலே விரிந்தது. 60 அடியில் இருப்பது கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். மட்டத்தைச் சொல்லி இருப்பைச் சொல்லாவிட்டால் அது பாதிச் செய்திதான்.

சரி, வினாடிக்கு 10,000 கன அடி வருகிறது என்கிறார்கள். காலை 8 மணிக்குப் பார்த்தபோது வந்ததா, முந்தின 24 மணி நேரத்துச் சராசரியா? இரண்டும் ஒன்றில்லை. வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி. காலையில் மட்டும் ஓடிவிட்டுச் சாயங்காலம் குறைந்தால், காகிதத்தில் இருக்கிற டிஎம்சி ஆற்றில் இருக்காது.

பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டிஎம்சி அங்கே அளந்துதான் நமக்குக் கணக்கு. ஆற்றில் ஓடும் நீரை யாரும் படி வச்சு அளக்க முடியாது. நீரின் உயரத்தைப் பார்த்து, 'இந்த உயரத்துக்கு இவ்வளவு ஓட்டம்' என்று முன்பே போட்டு வச்சிருக்கும் அட்டவணையிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுவார்கள். பல ஆறுகளில் இதுதான் முறை. ஆற்றுப் படுகை மாறினால் அந்த அட்டவணையும் மாற வேணும். மணலை லாரி லாரியாக அள்ளிய ஆறுகளில் பழைய அட்டவணை என்ன சொல்லும் என்று நீங்களே யோசித்துப் பாருங்க. அதனால் எண் மட்டும் போதாது, எண் எப்படி வந்தது என்பதும் கூடவே வர வேணும்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் உள்ளதல்ல. ஓப்பன் ஜியோஸ்பேஷியல் கன்சார்டியம் என்று ஒரு சர்வதேச அமைப்பு. நிலம் சார்ந்த தகவல்களுக்கு யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பொதுத் தரங்களை வகுக்கிறவர்கள். அவர்களும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து நீரியலுக்கு ஒரு குழு வச்சு, 2012இல் 'வாட்டர் எம்.எல். 2.0' என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேணாம். தண்ணிக் கணக்கை ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு அனுப்பும்போது என்னென்ன எழுத வேணும் என்கிற ஒப்பந்தம் அது. எந்த இடம், எந்த நேரம், என்ன அலகு, எதிலிருந்து அளந்தது, அந்த நிமிசத்து அளவா சராசரியா, அந்த எண்ணை நம்பலாமா சந்தேகமா, அல்லது மதிப்பீடுதானா என்பதுவரை சொல்ல அதில் இடம் இருக்கிறது. ஓட்ட அட்டவணையைப் பகிர்ந்துகொள்ள இரண்டாம் பாகம் பின்னால் வந்தது. நிலத்தடி நீருக்கும் தனியாக ஒன்று வந்திருக்கிறது. எங்க ஊர்க் கிணற்றில் காணாமல் போன அந்த மூணு அடிக்கு அங்கே ஒரு கட்டம் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆஸ்திரேலியாவில் பெரும் வறட்சி வந்தபோது இந்தப் பாடத்தைப் படித்தார்கள். மரே - டார்லிங் ஆறு நாலு மாநிலங்களின் வழியாகப் போகிறது, சண்டைக்குக் குறைவில்லை. 2007இல் அவர்கள் போட்ட நீர்ச் சட்டம், நாட்டின் தண்ணிக் கணக்கு முழுவதையும் திரட்டி வெளியிடும் பொறுப்பை அவர்களுடைய வானிலைத் துறையிடம் கொடுத்தது. இருநூறுக்கும் மேற்பட்ட அமைப்புகள் தங்கள் கணக்கைச் சட்டப்படி கொடுத்தாக வேணும். ஆளுக்கொரு வடிவத்தில் வந்து குவிந்ததால்தான் பொது வடிவம் ஒன்றை உண்டாக்கினார்கள். அந்த அனுபவமும் மேலே சொன்ன சர்வதேசத் தரத்துக்குள் போயிருக்கிறது. அங்கே சண்டை தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. யாருக்கு எவ்வளவு என்ற சண்டை இன்னும் நடக்கிறது.

நம்ம நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். மத்திய அரசின் இந்தியா - டபிள்யூரிஸ் தளத்தில் பல நிலையங்களின் அளவுகள் கிடைக்கின்றன. ஆனால் கங்கை, பிரம்மபுத்திரா, சிந்துப் படுகைக் கணக்குகளைப் பல காலமாக ரகசியம் என்றே வச்சிருக்கிறார்கள். மேலே இருக்கிறவன் கணக்கைக் கையில் வச்சுக்கொள்வது உலக வழக்கம். மீகாங் ஆற்றில் கீழ்ப்பகுதி நாடுகள் தங்களுக்குள் தகவல் பகிர 2001இல் உடன்பாடு போட்டன. மேலே இருக்கும் சீனா வெள்ளக் காலத்துக் கணக்கை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது, ஆண்டு முழுவதும் தர 2020இல்தான் சம்மதித்தது. பிரம்மபுத்திராவில் நாம் கீழே இருக்கும்போது சீனாவிடம் கணக்குக் கேட்கிறோம். அதே கணக்கை நம்ம குடியானவன் கேட்டால் ரகசியம் என்கிறோம்.

2023ஐ மறக்க முடியுமா? வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்தது. நம்பி குறுவை போட்டோம். அக்டோபர் 10ஆம் தேதி அணையை மூடினார்கள். கடைமடையில் பல இடத்தில் பயிர் கருகியதைப் பார்த்தவன் நான். மழை பொய்த்தது யார் குற்றமும் இல்லை. ஆனால் மேலே நாலு அணையிலும் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வருகிறது, பல வருசச் சராசரிக்கு எவ்வளவு குறைவு என்பதை ஆணையமும் குழுவும் கூடிக் கூடிப் பேசின. அதே கணக்கு ஜூன், ஜூலையிலேயே ஒரே அளவுகோலில் நம்ம கைக்கு வந்திருந்தால், பாதிப் பேராவது நாற்றங்காலைக் குறைத்து உளுந்துக்கோ பசுந்தாளுக்கோ போயிருப்போம். வக்கீல்களுக்குக் கிடைக்கிற கணக்கு விதைக்கிறவனுக்குக் கிடைக்காமல் இருப்பதுதான் என் வழக்கு.

நம்ம நண்பர் ஒருவர் எதிர்க்கேள்வி போட்டார்: "எல்லாத்தையும் திறந்து வச்சா, தண்ணி எங்க இருக்குன்னு பார்த்து பாட்டில் கம்பெனிக்காரன் வந்து உக்காந்துருவாங்க, அண்ணே." நியாயமான பயம். ஆனால் ஒன்று, அவனிடம் காசு இருக்கிறது, ஆள் வச்சு அளந்து இப்பவே தெரிந்து வச்சிருக்கிறான். தெரியாமல் இருப்பது நாம்தான். இன்னொன்று, எதைத் திறப்பது என்பதில் கோடு போட்டாக வேணும். ஆறு, அணை, வாய்க்கால், ஏரி, அரசுக் கண்காணிப்புக் கிணறு இவை பொதுச் சொத்து, கணக்கும் பொது. ஆலைகள் எடுக்கும் தண்ணியும் விடும் கழிவும் கட்டாயம் வெளியே வர வேணும். என் வயல் கிணற்றின் கணக்கு என் சம்மதம் இல்லாமல் போகக் கூடாது, நாளைக்கு அதை வச்சே மீட்டர் மாட்டுவார்கள். தரம் என்பது பூட்டு மாதிரி அல்ல, படி மாதிரி. படி பொதுவாக இருக்கலாம், பத்தாயத்தைத் திறப்பது அவரவர் விருப்பம். இன்னொரு ஆபத்தும் உண்டு: அளவுக் கருவி விற்கிற கம்பெனி தன் கருவியின் கணக்கைத் தன் செயலியில் மட்டும் காட்டுவது. வீரிய விதைக்கு வருசா வருசம் கடைக்குப் போகிற கதைதான். திறந்த தரம் இருந்தால் கருவியை மாற்றினாலும் பழைய கணக்கு நம்மோடு வரும்.

நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் எட்டாத விஷயம் என்று யாரும் நினைக்க வேணாம். ஆந்திராவில் ஏழு வறட்சி மாவட்டங்களில், ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு உதவிய திட்டம் ஒன்றில், விவசாயிகளே கிணற்று மட்டத்தையும் மழையையும் அளந்து, ஊர் கூடித் தண்ணி வரவுசெலவு போட்டுப் பயிரை முடிவு செய்தார்கள். ஆணும் பெண்ணுமாக. ஏரிக் கலிங்கில் நட்ட கல்லில் தண்ணி எங்கே நிற்கிறது என்று பார்த்தே எத்தனை மடை திறக்கலாம் என்று சொன்ன ஊர்கள்தானே நம்முடையவை. அந்தக் கல் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் இருந்தது.

போன மாசக் கூட்டத்தில் நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து, எங்க கிணறுகளின் மட்டத்தை மாசத்தில் முதல் ஞாயிறு அளப்பது என்று முடிவு செய்தோம். தரையிலிருந்து அளப்பது, மீட்டரில் எழுதுவது, மோட்டாரை நிறுத்தி எத்தனை மணி நேரம் ஆச்சு என்பதையும் பக்கத்தில் எழுதுவது. நோட்டு டீக்கடையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் குழாய்க் கிணற்றின் மேல், அது தரைக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்று பெயிண்டில் எழுதி வைக்க அனுமதி கேட்டும் மனுக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.