வீடு புகுந்த ஆமை

இவ்வாண்டு இடவப்பாதி மழை ஓங்கிப் பெய்த ஓர் இரவில், நிலையத்து அலுவல் முடிந்து நாம் வீடு திரும்பினோம். கழக்கூட்டத்தில் நாம் குடியிருப்பது ஆறு வீடுகள் கொண்ட ஒரு வரிசை. ஆறும் தமிழ்க் குடும்பங்களே. நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஆச்சி வீட்டு வாயிலில் அன்று எல்லோரும் திரண்டு நின்றனர். அடுப்படியில் அம்மிக்குப் பின்னால் ஏதோ சீறியதாம். பாம்பென்று அஞ்சி விளக்கடித்துப் பார்த்தால், ஒரு சாண் நீளமுள்ள ஆமை!

பாம்பன்று என்று தெரிந்தும் ஆச்சியின் அச்சம் தணியவில்லை, பெருகிற்று. "தம்பி, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதென்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மகனுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. இனி என்ன வரக் காத்திருக்கிறதோ!" என்று கண்ணீர் உகுத்தார். ஒருவர் கல்லை எடுத்து வந்தார். மற்றொருவர், அதன் கறி மூலநோய்க்கு நல்லதென்றும், வீணாக்க வேண்டாவென்றும் உரைத்தார். மூன்றாமவர் இரக்கமுள்ளவர், ஓர் அட்டைப்பெட்டியில் அடைத்து வைத்துக் காலையில் பார்க்கலாம் என்றார். வீட்டுக்காரராகிய மலையாளப் பெரியவர் மட்டும் சிரித்துக்கொண்டே, "இது வெள்ளாமை. வயலில் வெள்ளம் ஏறினால் இப்படித்தான் வரும்" என்றார். நம் ஊர்ப்பக்கத்தில் பாலாமை என்பதும் இதுவே.

ஆமையின் உயிருக்கு அரைமணி நேரம் தவணை கேட்டு, நாம் படித்தறிந்த சிலவற்றை அங்கே கூறினோம். அவற்றையே இத்திங்கள் நம் அன்பர்களுக்கும் கூற விழைகின்றோம்.

ஆமையின் ஓடு, அது சுமந்து திரியும் பெட்டி என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நத்தையின் கூடு வேறு, ஆமையின் ஓடு வேறு. ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று ஒன்றோடொன்று இணைந்தே மேலோடு ஆகின்றன. நம் தோள் எலும்பு விலாவுக்கு வெளியே இருக்கிறது. ஆமைக்கோ அது விலாக் கூட்டின் உள்ளே இருக்கிறது. ஆதலால் ஓட்டை விட்டு ஆமை வெளியே வருவதென்பது, நாம் நம் எலும்பை விட்டு வெளியே வருவது போலாம். ஓட்டில் குருதியோட்டம் உண்டு; உணர்ச்சியும் உண்டு. கல்லால் அடித்தால் வலிக்கும்.

அன்பர்கள் தம் கையை மார்பின்மேல் வைத்து ஒருமுறை மூச்சிழுத்துப் பார்க்கட்டும். விலா விரிந்து சுருங்குவது தெரியும். விலாவே ஓடாகிவிட்ட ஆமைக்கு இது இயலாது. உடலினுள் இருக்கும் தசைகளால் நுரையீரலை விரித்தும் அழுத்தியும் அது மூச்சு விடுகிறது. அஞ்சித் தலையையும் கால்களையும் திடீரென உள்ளே இழுக்கும்போது, நுரையீரலிலுள்ள காற்று வெளியே தள்ளப்படுகிறது. ஆச்சி கேட்ட சீறல் அதுதான். அச்சுறுத்திய ஒலியன்று, அஞ்சிய ஒலி.

இத்தகைய இடர்ப்பாட்டை ஆமை ஏன் ஏற்றுக்கொண்டது? சீன நாட்டில் கிடைத்து 2008 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஒரு பழம்புதைவு இதற்குச் சிறிது ஒளி தருகிறது. ஏறக்குறைய 22 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவ்வாமைக்குக் கீழோடு முழுமையாக இருந்தது. முதுகிலோ அகன்ற விலாக்கள் மட்டுமே இருந்தன. அதனினும் பழமையான தென்னாப்பிரிக்கப் புதைவு ஒன்றை ஆராய்ந்தோர், விலா அகன்றது முதலில் மண்ணைத் தோண்டுவதற்கு உதவியாகவே இருக்கலாம் என்று 2016 இல் கூறினர். உழைப்புக்கென அகன்ற எலும்பு, பின்னர்க் காவலுக்கும் பயன்பட்டது போலும்.

அங்ஙனம் அமைந்த ஓடு எல்லா ஆமைக்கும் ஒரு தன்மையதன்று. வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமைக்கு, எலும்பின்மேல் நகம்போன்ற பொருளாலான தடித்த செதில்கள் உண்டு. ஓடு கும்பம்போல் உயர்ந்திருப்பதால் நரியின் வாய்க்கு எளிதில் பிடிபடுவதில்லை. அதன் மஞ்சட் கோடுகள் உலர்ந்த புல்லிடையே அதனை மறைக்கின்றன. நம் குளங்களில் வாழும் காராமைக்கும் வன்மையான ஓடே. ஆனால் வன்மைக்கு விலை உண்டு. சுமை மிகும், நடை தளரும்.

ஆச்சி வீட்டு விருந்தாளியோ வேறு வழியைத் தேர்ந்தது. பாலாமைக்குச் செதிலே இல்லை. எலும்புத் தகட்டின்மேல் தோல் போர்த்தி, விளிம்பில் வளையும் தன்மையோடு, தட்டையாக அமைந்தது அதன் ஓடு. எடை குறைவு, நீரில் விரைவாக நீந்தும். சேற்றில் புதைந்து, நீண்ட கழுத்தை மட்டும் நீட்டி மூக்கு நுனியால் மூச்சு விடும். நீரில் கரைந்துள்ள உயிர்வளியையும் தோல்வழியே ஓரளவு பெறும். கீழோட்டின் பின்புறத்தில் இரண்டு தோல் மடல்கள் உண்டு. பின்னங்கால்களை உள்ளிழுத்ததும் அம்மடல்கள் கதவுபோல் மூடிக்கொள்ளும். ஐம்புலன்களை அடக்குதற்கு ஆமையை உவமை காட்டிய வள்ளுவர் இம்மடல்களைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். கோடையில் குளம் வற்றினால் சேற்றினுள் ஒடுங்கிக் கிடந்து மழைக்குக் காத்திருக்கும். மீன், தவளை, நத்தை, நீர்ச்செடி ஆகியவற்றோடு செத்த உயிர்களையும் தின்று குளத்தைத் தூய்மை செய்யும்.

மென்மைக்கும் விலை உண்டு. அத்தோல் வழியே நீர் விரைவில் ஆவியாகும். உலர்ந்த இடத்தில் நெடுநேரம் வைத்தால் ஆமை வாடும். ஆகவே இரக்கமுள்ளவர் கொணர்ந்த அட்டைப்பெட்டியும் அதற்குத் தீங்கே. மனிதனின் கத்திக்கு முன் அம்மெல்லோடு காவலாகவும் நில்லாது.

கடலிலும் இவ்வழியில் சென்றதோர் ஆமை உண்டு. நிக்கோபார்த் தீவின் கலத்தியா விரிகுடாக் கரையில் முட்டையிட வரும் தோல்முதுகு ஆமையே உலகின் ஆமைகளுள் பெரியது. அதற்கும் செதில் இல்லை. சிறுசிறு எலும்புத் துண்டுகள் பல்லாயிரம் சேர்ந்த மேலோட்டைத் தோல் மூடியிருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கும் மேலான ஆழத்தில் கடல்நீர் நெருக்கும்போது அவ்வோடு சிறிது வளைந்து கொடுக்கிறது.

இவ்விடத்தில் ஒரு பெண்மணியை நினைவுகூர வேண்டும். கொச்சி நாட்டுக் காடுகளில் வாழும் ஒரு சிறிய ஆமை 1912 இல் நூலேறியது. சருகின் நிறங்கொண்ட வன்மையான ஓட்டோடு, சருகுகளிடையே மறைந்து வாழ்வது அது. பின்னர் எழுபதாண்டுகள் அதனைக் கண்டறிந்து கூறிய ஆய்வாளர் எவருமிலர். சென்னைப் பாம்புப் பண்ணையில் பணியாற்றிய ஜெ. விஜயா என்னும் இளம்பெண், 1982 இல் சாலக்குடிப் பக்கத்துக் காடுகளில் தங்கி, காடர் மக்களின் துணையோடு அதனை மீண்டும் கண்டார். 1987 இல், முப்பது வயது நிரம்பு முன்னரே, அவர் மறைந்தார். 2006 இல் அறிஞர்கள் அவ்வாமையின் பேரினத்துக்கு அவர் பெயரையே சூட்டினர். நம்மைப்போலவே மலையாள நாட்டுக்கு வந்த ஒருவர், இம்மண்ணின் மறைந்த செல்வமொன்றை இம்மண்ணுக்கே காட்டினார் என்பது நமக்குப் பெருமையன்றோ?

இவ்வளவும் கேட்ட ஆச்சி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே சென்று பழைய அண்டா ஒன்றைக் கொணர்ந்து வைத்தார். நனைந்த சாக்கு ஒன்றை அதில் விரித்து, சிறிது நீரும் ஊற்றினார். வனத்துறையினருக்குச் செய்தி சொல்லி, அவர்கள் கூறியபடியே காலையில் அருகிலிருந்த குளக்கரையில் ஆமையை விட்டோம். கல்லெடுத்தவரே குடை பிடித்து வந்தார். நீரைக் கண்டதும் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, ஆமை நடை என்று இனி எவரையும் கேலி செய்வதில்லை என்றனர் பிள்ளைகள்.

அன்பர்கள் இல்லத்திலும் மழைக்காலத்தில் இவ்விருந்தாளி வரக்கூடும். தலைப்பக்கம் கை கொடுக்கலாகாது. நீண்ட கழுத்தைத் திருப்பிக் கடிக்கும். உலர்ந்த பெட்டியில் அடைக்கலாகாது. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதனைப் பிடித்தலும் கொல்லுதலும் வளர்த்தலும் குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிடுதலே முறை.

ஆச்சியின் மகனுக்கு இன்னும் வேலை அமையவில்லை. ஆயினும் ஆச்சி ஆமையைக் குறை கூறவில்லை. பழமொழியிலுள்ள ஆமை நாற்கால் ஆமையன்று. கல்லாமை, முயலாமை, பொறாமை என்பனவே என்று உரை கூறுவாரும் உளர். அன்று இரவு கல்லோடும் கறிச்சட்டியோடும் நம் வரிசை வீடுகளுள் புகவிருந்தது அறியாமை. அதனை அண்டா நீரோடு வெளியேற்றியவர் ஆச்சியே.

வன்மையான ஓடு நன்றா, மென்மையான ஓடு நன்றா என்று பிள்ளைகள் கேட்டனர். இருக்கும் நீர்நிலைக்கு ஏற்ற ஓடே நன்று என்றோம். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கும் அவ்விடை பொருந்தும். எங்கே உறுதியாக நிற்பது, எங்கே வளைந்து கொடுப்பது என்பதை இங்கு நாம் நாள்தோறும் கற்று வருகின்றோம் அல்லவா?