அட்டைக் காசு!

எனக்குச் சரித்திரம் என்றாலே கொஞ்சம் அலர்ஜி. பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த ஒரே பழங்கதை, போன மாத பாக்கியை இந்த மாதக் கணக்கில் கொண்டுவந்து எழுதுவதுதான். எந்த ராஜா எந்தக் குதிரையில் ஏறினார் என்பதெல்லாம் நமக்கெதற்கு? ‘செலவு யார் கணக்கில்?’ அதைச் சொல்லுங்க, உட்கார்ந்து கேட்கிறேன்.

அப்படித் தேடியபோது மாட்டியதுதான் ஹாலந்துக்காரர்களின் கலகம். 1568-ல் ஆரம்பித்து 1648-ல் முடிந்த சண்டை. நடுவில் பன்னிரண்டு வருஷம் இன்டர்வெல் விட்டார்கள். தாத்தா ஆரம்பித்ததைப் பேரன் முடித்துவைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்போது அந்த ஊர்களுக்கெல்லாம் ராஜா, ஸ்பெயினில் இருந்த இரண்டாம் பிலிப். 1566-ல் ஒரு கூட்டம் கத்தோலிக்க சர்ச்சுகளுக்குள் புகுந்து சிலைகளை உடைத்துத் தள்ளியது. ராஜாவுக்குக் கோபம். மறு வருஷமே ஆல்பா டியூக் என்ற கடுவன் பூனையைப் பட்டாளத்தோடு அனுப்பிவைத்தார். அவர் ஒரு விசாரணை மன்றம் வைத்தார். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரத்த மன்றம்’. ஆயிரம் பேருக்கு மேல் தலை போனது. பல்லாயிரம் பேர் ஊரைவிட்டே ஓடினார்கள்.

சரி, பட்டாளத்துக்குச் சம்பளம்? இங்கேதான் நம் சப்ஜெக்ட் வருகிறது. ஆல்பா ஒரு வரி போடப் பார்த்தார். ‘பத்தாவது காசு’ என்று பெயர். எந்தச் சரக்கை விற்றாலும், விற்கிற ஒவ்வொரு தடவையும், பத்து சதவிகிதம். கம்பளியை விற்றால் வரி. நூலாக்கி விற்றால் வரி. துணியாக்கினால் வரி. சாயம் போட்டால் மறுபடியும் வரி. முந்தின ஆள் கட்டியதைக் கழித்துக்கொள்கிற வசதியெல்லாம் கிடையாது. நூறு ரூபாய்ச் சரக்கு ஐந்து கை மாறினால் விலை நூற்று அறுபத்தோரு ரூபாய்! லாபமே வைக்காமல் சார்! கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

நெசவும் வியாபாரமுமாகப் பிழைத்த ஊர்கள் சும்மா இருக்குமா? ஒரு மொத்தத் தொகையைக் கட்டி இரண்டு வருஷம் தள்ளிப் போட்டார்கள். 1571-ல் ஆல்பா மறுபடி ஆரம்பித்தார். கடைக்காரர்கள் முறைத்தார்கள். கடைசிவரை அந்த வரி சரியாக வசூலாகவே இல்லை. வசூலானது வெறுப்பு மட்டும்தான்.

1572 ஏப்ரல் முதல் தேதி, கடலில் திரிந்த கலகக்காரர்கள் பிரில் என்ற சின்னத் துறைமுகத்தைப் பிடித்தார்கள். டச்சு பாஷையில் மூக்குக்கண்ணாடிக்கும் ஏறக்குறைய அதே உச்சரிப்பு. ‘ஏப்ரல் ஒண்ணாம் தேதி ஆல்பா கண்ணாடியைத் தொலைச்சிட்டாரு’ என்று இன்றைக்கும் அங்கே ஜோக் அடிக்கிறார்கள். ஆனால் அந்த ஜோக்குக்குப் பிறகு நடந்தது எதுவும் சிரிக்கிற மாதிரி இல்லை.

ராஜாவின் சிப்பாய்களுக்கு மாசக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் சம்பளம் பாக்கி. செக் தாமதமானால் நானெல்லாம் போன் பண்ணி, ‘சார்... சும்மா ஞாபகப்படுத்தலாம்னு...’ என்று இழுப்பேன். அவர்கள் ஊருக்குள் புகுந்து எடுத்துக்கொண்டார்கள். 1575-ல் பிலிப்பின் கஜானா திவால். 1576 நவம்பரில், சம்பளம் வராத சிப்பாய்கள் ஆன்ட்வெர்ப் நகரத்தைச் சூறையாடினார்கள். ஆயிரக்கணக்கில் சாவு. அது ராஜாவின் சொந்த ஊர்ப் பட்டியலில் இருந்த பணக்கார நகரம்!

எதிர்த்தரப்பு மட்டும் உத்தமமா? வூட்டர் யாகோப்ஸ் என்று ஒரு மடத்துத் தலைவர். கத்தோலிக்கர். 1572-ல் உயிருக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடிப்போய், அங்கே உட்கார்ந்து டைரி எழுதினார். அதில் வீரமும் இல்லை, வெற்றியும் இல்லை. பசி, அகதிகள், கொள்ளை. கிராமத்துக் குடியானவனிடம் இந்தப் பட்டாளமும் பிடுங்கியது, அந்தப் பட்டாளமும் பிடுங்கியது. மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவன் எந்தக் கட்சி என்று மாட்டுக்காரன் கேட்டு என்ன ஆகப்போகிறது?

இப்போது லைடன் நகரத்துக்கு வாருங்கள். 1573 அக்டோபரில் ஸ்பானியர்கள் முற்றுகை போட்டார்கள். 1574 மார்ச்சில் வேறு பக்கம் சண்டை என்று கிளம்பிப் போனார்கள். ‘அப்பாடா’ என்று ஊர் மூச்சுவிட்டது. ஆனால் தானியம் வாங்கிச் சேர்த்துவைக்கவில்லை. (எங்கள் வீட்டில் இரண்டு மாச மளிகை எப்போதும் டப்பாவில் இருக்கும். ‘எதுக்கு இவ்வளவு?’ என்று மனைவியிடம் சண்டை போட்டிருக்கிறேன். இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன்.) மே 26-ம் தேதி பட்டாளம் திரும்பி வந்துவிட்டது!

முற்றுகையில் காசடிக்க உலோகம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கத்தோலிக்க ஜெபப் புத்தகங்களின் தாள்களை ஒட்டி, அட்டையாக்கி, முத்திரை குத்திக் காசாக்கினார்கள். ஐரோப்பாவின் முதல் காகிதப் பணம் என்றே இதைச் சொல்கிறவர்கள் உண்டு. காசு வந்தது. வாங்குவதற்கு ரொட்டிதான் இல்லை. பசியோடு பிளேக்கும் சேர்ந்துகொள்ள, சுமார் 15,000 பேர் இருந்த ஊரில் ஏறக்குறைய 6,000 பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆரஞ்சு இளவரசர் வில்லியமிடம் ஸ்பானியர்களை நேரில் மோதி விரட்டப் பட்டாளம் இல்லை. தண்ணீர் இருந்தது. ஹாலந்து பள்ளமான பூமி. 1574 ஆகஸ்ட்டில் ஆற்றங்கரைகளை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் வயல்வழியாக மெதுவாக ஏறியது. காற்று திரும்புகிறவரை காத்திருந்து, தட்டை அடிப்படகுகளில் கலகக்காரர்கள் வந்தார்கள். அக்டோபர் 2 ராத்திரி ஸ்பானியர்கள் ஓட்டம். 3-ம் தேதி காலையில் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் ஊருக்குள் வந்தன. இன்றும் ஒவ்வொரு அக்டோபர் 3-ம் தேதியும் லைடனில் அதே மீன், அதே ரொட்டி வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

1575-ல் ஊருக்கு ஒரு பல்கலைக்கழகமும் கிடைத்தது. ‘வரி விலக்கு வேணுமா, யுனிவர்சிட்டி வேணுமா?’ என்று இளவரசர் கேட்டதாகவும், ஜனங்கள் யுனிவர்சிட்டியைக் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. கதைதான். நான் அங்கே இருந்திருந்தால் வரி விலக்குக்கு இரண்டு கையையும் தூக்கியிருப்பேன்.

இதையெல்லாம் எதிர்வீட்டு ரிடையர்டு அக்கவுன்டன்ட்டிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் எழுதின கை. தண்ணீர் வந்த கட்டத்தில் நான் கைதட்டாத குறை. அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அது சரி தம்பி, தண்ணி யார் வயல் வழியா வந்துது?”

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. கரையை வெட்டிய இடத்துக்கும் லைடனுக்கும் நடுவே அத்தனையும் கிராமங்கள். மேய்ச்சல் நிலம், பயிர், வீடு, மாடு. நாடு பறிபோவதைவிடப் பாழாவது மேல் என்று பேசிக்கொண்டார்களாம். பாழானது யார் வீட்டு நிலமோ, அவனை விட்டுவிட்டு மற்றவர்கள் பேசுவது சுலபம்.

“தப்புன்னு சொல்லலை,” என்றார் அவர். “ஊரைக் காப்பாத்த வேற வழி இல்லாம இருந்திருக்கலாம். ஆனா வரவுன்னு ஒண்ணு எழுதினா, எதிர்ல பற்று எழுதணும் தம்பி. லைடனுக்கு விடுதலை வரவு. சரி. அந்தக் குடியானவன் பேர்ல ஒரு பக்கம் இருக்கணுமா, இல்லியா?”

இருக்கணும் சார். அதுக்குத்தான் இந்தப் பக்கம்.