சந்நிதானத்து முத்திரை

வைகை அணைக்கு அருகே ஒரு பெரியவர் வசிக்கிறார். அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, அஞ்சலக அதிகாரியாக ஓய்வு பெற்றவர். வயது 74. ஆண்டுதோறும் கார்த்திகை முதல் நாள் மாலை அணிந்து சபரிமலை சென்று வருவது அவருக்கு 1979 முதல் வழக்கம். இடையில் விட்டுப்போன ஆண்டுகள் இரண்டே. மனைவி இறைவனடி சேர்ந்த ஆண்டு ஒன்று. பெருந்தொற்றுக் காலத்தில் முதியோரை மலைக்கு அனுமதிக்காத ஆண்டு மற்றொன்று.

அவருடைய பூஜை அறை அலமாரியில் பழைய பிஸ்கட் தகர டப்பா ஒன்று உண்டு. அதனுள் 40-க்கும் மேற்பட்ட அஞ்சல் அட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. எல்லாம் சந்நிதானத்து அஞ்சலகத்திலிருந்து அவரே தம் மனைவியின் பெயருக்கு எழுதியவை. எழுதியது என்று பெரிதாக ஒன்றுமில்லை. 'சாமி சரணம்' என்ற இரண்டு சொற்கள், கீழே கையெழுத்து, அவ்வளவே. மலையிறங்கி அவர் வீடு வந்து சேர்ந்த நான்கைந்து நாள்களுக்குப் பிறகே அட்டை வரும். "ஆளு வந்து நாலு நாளாச்சு, கடிதாசி இப்பத்தான் மலை இறங்குது" என்று அந்த அம்மையார் ஒவ்வோர் ஆண்டும் சொல்லிச் சிரிப்பாராம். அவர் மறைந்த பின்னரும் பெரியவர் முகவரியை மாற்றவில்லை. ஊர்த் தபால்காரரும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. அட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

சந்நிதானத்து அஞ்சலகத்தின் சிறப்பை அடியார் பலர் அறிந்திருக்கலாம். 1963-ல் தொடங்கப்பட்டது அது. அதற்கென்று தனி அஞ்சல் குறியீட்டு எண் உண்டு: 689713. மண்டல, மகரவிளக்குக் காலமாகிய ஏறத்தாழ மூன்று மாதம் மட்டுமே அந்த எண்ணுக்கு உயிர். எஞ்சிய நாள்களில் அது உறங்கும். பதினெட்டுப் படிகளும் அவற்றின் மேல் ஐயப்பன் வீற்றிருக்கும் திருவுருவமும் பொறித்த முத்திரை 1974 முதல் அங்கு வழங்கிவருகிறது. பருவம் முடிந்ததும் அந்த முத்திரை பத்தனம்திட்டையிலுள்ள அஞ்சல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பாதுகாப்பில் இருக்கும். ஐயப்பன் பெயருக்கே கடிதங்களும் பணவிடைகளும் வருவதுண்டு. திருமண அழைப்பிதழும் புதுமனை புகுவிழா அழைப்பும் முதலில் அவனுக்கு அனுப்பிவிட்டே உறவினர்க்கு அனுப்புவோர் இன்றும் இருக்கின்றனர்.

சென்ற மார்கழியில் பெரியவரின் மகன் அமெரிக்காவிலிருந்து குடும்பத்துடன் வந்திருந்தார். பேத்திக்கு ஒன்பது வயது. அங்குள்ள கோயில் ஒன்றில் கார்த்திகை முதல் நாளே தந்தையுடன் மாலை அணிந்து, பள்ளிக்கூடத்துக்கும் தயிர்சாதமே எடுத்துச்சென்று விரதம் காத்தவள் அவள். வருகிற ஆடியில் அவளுக்குப் பத்து நிறைகிறது. பத்து வயது தொடங்கி ஐம்பது வயது வரை பெண்டிர் மலையேறுவதில்லை என்பது வழிவழி வந்த மரபு. ஆகவே அவளுக்கு இது முதல் பயணம். இதை விட்டால் இன்னும் நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். பெரியவருக்கோ முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இனி மலையேறலாகாது என்று மருத்துவர் ஐப்பசியிலேயே சொல்லிவிட்டார். அதை அவர் வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை.

பேத்தி வந்த அன்றே தாத்தாவிடம் நீல அட்டை போட்ட சிறு புத்தகம் ஒன்றைக் காட்டினாள். அமெரிக்க தேசியப் பூங்காக்களைக் காணச் செல்வோர்க்கென 1986-ல் தொடங்கப்பட்ட ஏற்பாடு அது. பார்ப்பதற்குப் பாஸ்போர்ட்டைப் போல இருக்கும். ஒவ்வொரு பூங்காவின் வரவேற்பு நிலையத்திலும் முத்திரையும் மையும் வைத்திருப்பார்கள். பூங்காவின் பெயரும் அன்றைய தேதியும் வட்டமாக விழும்படி அவரவரே பதித்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விடுமுறை தோறும் காரில் ஊர் ஊராகச் சென்று முத்திரை சேர்க்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். இவளுடைய புத்தகத்தில் யோசெமிட்டி இருந்தது, செக்கோயா இருந்தது, கிராண்ட் கேன்யன் இருந்தது. முத்திரையின் வட்டத்தைப் பார்த்ததுமே அது அஞ்சல் முத்திரையின் சாயல் என்று பெரியவர் கண்டுகொண்டார். தகர டப்பாவை எடுத்துவந்து அவள் முன் வைத்தார். தாத்தாவும் பேத்தியும் அன்று மாலை விளக்கேற்றும் வரை எழவில்லை.

முத்திரை தேடிச் செல்லும் யாத்திரை பிற சமயத்தாரிடமும் உண்டு. ஜப்பானில் ஷிகோகு தீவைச் சுற்றி 88 பௌத்த ஆலயங்களைத் தரிசிக்கும் பயணம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ஆலயந்தோறும் யாத்திரிகரின் ஏட்டில் செந்நிற முத்திரை பதித்துத் தூரிகையால் எழுதிக் கொடுப்பர். அந்த ஏட்டுக்கு அவர்கள் இட்ட பெயர், சூத்திரத்தைச் சமர்ப்பிப்பது என்று பொருள்படும். கையால் படியெடுத்த சூத்திரத்தை ஆலயத்தில் ஒப்படைத்ததற்கான ஒப்புகையே அக்காலத்தில் முத்திரையாக இருந்தது. வந்துபோனதற்கான சீட்டு வேறு, ஒன்றைக் கொடுத்ததற்கான ரசீது வேறு அல்லவா! நம் நாட்டிலும் துவாரகை யாத்திரை சென்றோர் சங்கு சக்கர முத்திரையைக் கையிலேயே ஒற்றிக்கொண்டு திரும்பிய காலம் உண்டு.

"தாத்தா, மலை மேல இருக்கிற போஸ்ட் ஆபீஸ்ல இந்தப் புத்தகத்துல அந்த ஸ்டாம்ப் போடுவாங்களா?" என்று கேட்டாள் பேத்தி.

"போட மாட்டாங்கம்மா. தலை ஒட்டின கடிதாசியிலதான் முத்திரை விழணும். வெறுந்தாள்ல குத்தினா அது யாருக்கும் போய்ச் சேராது."

முகம் வாடினாலும் அவள் மறுபேச்சுப் பேசவில்லை. விரத காலத்தில் முணுமுணுக்கலாகாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மகரவிளக்குக்காக நடை திறக்கும் நாளில் புறப்படுவதென முடிவாயிற்று. ஊர்ப் பிள்ளையார் கோயிலில் கட்டு நிறைக்கும்போதுதான் செய்தி வெளிப்பட்டது. தேங்காய் மூன்று, இருமுடிப் பைகள் இரண்டு. மூன்றாம் தேங்காயில் பெரியவர் தாமே நெய் வார்த்து, கண்ணை அடைத்து, மகனின் இருமுடிக்குள் வைத்தார். குருசாமி ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கட்டைத் தொடர்ந்தார். மகன் கேட்க வாயெடுத்தபோது, "பம்பை வரைக்கும் வர்றேன் சாமி" என்றார் பெரியவர்.

டோலி இருக்கிறதே என்று வழியெல்லாம் மகன் மன்றாடினார். "நாலு பேர் தூக்கிட்டுப் போற பயணம் ஒண்ணு இருக்கு. அதுக்கு இன்னும் நாளிருக்கு" என்று பெரியவர் பேச்சை முடித்துவிட்டார். முழங்கால் தளர்ந்த அடியார் டோலியில் ஏறித் தரிசிப்பதில் குறை ஏதும் இல்லை. எத்தனையோ முதியோர் அவ்வாறு சென்று கண்ணீர் மல்க நிற்கின்றனர். இவருடைய பிடிவாதம் இவருக்கு மட்டுமே உரியது.

தேனியைத் தாண்டியதும் வீரபாண்டியில் வண்டி நின்றது. கௌமாரியம்மன் கோயிலருகே முல்லையாற்றில் நீராடி அம்மனை வணங்கினார்கள். ஆற்றில் இறங்கி நின்றபடியே பெரியவர் பேத்திக்கு அந்நீரின் வரலாற்றைச் சொன்னார். மேற்கே கேரளத்துக்குள் ஓடிய பெரியாற்றை மறித்து, கர்னல் பென்னிகுக் கட்டிய அணை 1895-ல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையோடு கலந்து, 1959-ல் எழுந்த வைகை அணையில் தேங்குகிறது. "நம்ம வீட்டுக் குழாய்ல வர்ற தண்ணி, ஐயப்பன் குடியிருக்கிற காட்டுக்கு அந்தப் பக்கம் பெய்யுற மழைதாம்மா. அது இறங்கி வருது. நாம ஏறிப் போறோம்."

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பள்ளத்தாக்கு நீண்டது. ஒருபுறம் நெல், மறுபுறம் திராட்சைப் பந்தல், தென்னை. சாலையோரம் கறுப்பும் நீலமும் உடுத்து நடந்து செல்லும் கூட்டம். ஆங்காங்கே அன்னதானப் பந்தல்கள். பருவகால ஏற்பாட்டின்படி, போகும் வண்டிகளைக் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டார்கள். திரும்புவது குமுளி வழி. கட்டப்பனை, குட்டிக்கானம், எருமேலி கடந்து நிலக்கல்லில் காரை நிறுத்தி, அரசுப் பேருந்தில் பம்பை சென்று சேர்ந்தபோது இரவு வெகுநேரமாகிவிட்டது.

விடியற்காலை பம்பையில் முழுகிக் கணபதியை வணங்கிய பின், பெரியவர் சட்டைப் பையிலிருந்து அஞ்சல் அட்டையை எடுத்தார். முகவரி எழுதப்பட்டிருந்தது. அந்த இரண்டு சொற்களும் எழுதப்பட்டிருந்தன. வழக்கமாக மேலே சென்றபின் எழுதுவார்; இம்முறை வீட்டிலேயே எழுதிவிட்டார். "மாளிகைப்புறம், இதைச் சேர்ப்பிச்சிடுறியா?" என்று பேத்தியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி, நீலப் புத்தகத்தில் அடுத்த முத்திரைக்கென விட்டிருந்த வெற்றுப் பக்கத்தில் வைத்து மூடினாள். இருமுடியைத் தலையில் ஏற்றித் தந்தையும் மகளும் நீலிமலை ஏற்றத்தில் மறைந்தனர்.

நாற்பதாண்டுக்கும் மேலாக ஏறிய மலையை அவர் கீழே அமர்ந்து பார்த்தது அன்றுதான். சரண கோஷம் ஏறிக்கொண்டே போயிற்று, ஓயவில்லை. இந்நேரம் அப்பாச்சிமேடு, இந்நேரம் சரங்குத்தி என்று மனம் கணக்கிட்டது. நண்பகல் தாண்டியது. பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு தெலுங்கு மூதாட்டி வாழைப்பழம் ஒன்றை நீட்டினார். மொழி புரியாமலே இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்.

மாலை நான்கு மணியளவில் பேத்தி ஓடிவந்தாள். சொல்ல அவளிடம் பல செய்திகள் இருந்தன. படியேறும்போது போலீஸ் சாமி கை கொடுத்துத் தூக்கிவிட்டாராம். ஐயப்பன் முகம் ஒரு கணந்தான் தெரிந்ததாம், ஆனால் தெரிந்ததாம். "தாத்தா, இது முழுக்க பெரியாறு புலிகள் காப்பகமாம், அப்பா சொன்னாங்க. அப்ப ஐயப்பன் நேஷனல் பார்க்லதான் இருக்காரா?"

"புலி மேல வந்தவர் வேற எங்கம்மா இருப்பார்? அட்டை?"

"பெட்டியில போடல. உள்ளேயே போய்க் கொடுத்தேன். அந்த மாமா என் கண்ணு முன்னாடியே குத்தினாங்க."

"உன் புத்தகத்துல கேட்டுப் பார்த்தியா?"

"இல்ல தாத்தா. வெறுந்தாள்னு நீங்கதானே சொன்னீங்க."

குமுளி வழியே இறங்கும்போது லோயர் கேம்ப்பில் பென்னிகுக் மணிமண்டபத்தருகே வண்டியை நிறுத்தச் சொல்வது பெரியவர் வழக்கம். அன்றும் நிறுத்தச் சொன்னார். பேத்தி அவர் மடியில் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்ததால் அவர் மட்டும் இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கைகூப்பினார்.

விடுமுறை முடிந்து அவர்கள் விமானம் ஏறிச் சென்றனர். மூன்றாம் நாள் தபால்காரர் வாசலில் சைக்கிள் மணி அடித்தார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்து அணிந்து, பழைய வழக்கப்படி முதலில் முத்திரையைத்தான் பார்த்தார். மை ஒழுகாமல், தேதி தெளிவாக, படியும் திருவுருவும் சிதையாமல் விழுந்திருந்தது. பிறகு அட்டையைத் திருப்பினார். 'சாமி சரணம்' என்று அவர் எழுதியிருந்ததற்குக் கீழே, பென்சிலால், கோணல்மாணலான எழுத்தில் இன்னொரு வரி இருந்தது.

'பாட்டி நானும் வந்தென்.'

இரட்டைக் கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பு. திருத்துவதற்குப் பேனாவை எடுத்தவர், மூடித் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார். அட்டை தகர டப்பாவில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது.